அரைமனதாகக் கைதட்டியவர்: தலைவர் விசுவாசம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

2013 டிசம்பரில் வட கொரியாவில் சாங் சொங் தேக் என்பவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். நாட்டின் தலைவர் கிம் ஜாங் உன்னுக்கு அவர் சொந்த அத்தையின் கணவர், அதாவது மாமா முறை. அதுவரை ஆட்சியில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதிவந்த ஆள். அரசுச் செய்தி நிறுவனம் அவர்மீது நீளமான குற்றப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி, ஊழல், நாட்டின் கனிம வளத்தை அடிமாட்டு விலைக்கு விற்றது என்று போகும் அந்தப் பட்டியலில் இன்னொரு குற்றமும் இருந்தது. மருமகனுக்கு உயர்பதவி அறிவிக்கப்பட்டபோது அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்ய, இவர் மட்டும் வேண்டாவெறுப்பாக எழுந்து அரைமனதாகக் கைதட்டினாராம்.

வியாசர்பாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உலக வரலாறு எடுக்கிறேன். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. "கை தட்டலன்னு ஒரு கேஸா சார்?" என்றான் ஒரு பையன். சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "சார், அவ்ளோ கோடி பேர் எப்படி சார் ஒரே ஆளுக்கு அடங்கிப் போனாங்க?" நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தில் ஹிட்லர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் இருக்கிறது, இதற்குப் பதில் இல்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சர்வாதிகாரமும் ஒரே வகை இல்லை. ராணுவத் தளபதி ஒருவர் டாங்கியோடு வந்து ஆட்சியைப் பிடிக்கிறார். அவர் மக்களிடம் எதிர்பார்ப்பது, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான். நீங்கள் வீட்டுக்குள் அவரைத் திட்டினால் அவருக்குப் பெரிய கவலை கிடையாது. இன்னொரு வகை ஆட்சி இருக்கிறது. அதை முற்றதிகாரம் என்று வைத்துக்கொள்வோம். முசோலினியின் இத்தாலி, ஹிட்லரின் ஜெர்மனி, ஸ்டாலினின் சோவியத் ஒன்றியம், மாவோவின் சீனா, கிம் குடும்பத்தின் வட கொரியா ஆகியவற்றைப் பொதுவாக இந்த வகையில் சேர்ப்பார்கள். (ஒன்றுக்கொன்று கொள்கையில் எதிரிகள்தான். ஹிட்லரும் ஸ்டாலினும் ஒருவரையொருவர் ஒழிக்கப் போர் செய்தவர்கள். இங்கே நாம் பார்ப்பது கொள்கையை அல்ல, ஆட்சி இயங்கும் விதத்தை.) இந்த வகை ஆட்சியில் வாயை மூடிக்கொண்டிருப்பதே குற்றம். வாய் திறந்து வாழ்க சொல்ல வேண்டும், ஊர்வலத்துக்கு வர வேண்டும், பிள்ளையை இளைஞர் அணியில் சேர்க்க வேண்டும், வீட்டில் படம் மாட்ட வேண்டும். முதல் வகைத் தளபதிக்குக் கீழ்ப்படிந்தால் போதும். இரண்டாம் வகைத் தலைவருக்கு விசுவாசத்தையும் காட்ட வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்கும்படி.

"நம்மூரிலும் அப்படித்தானே?" என்று உடனே கேட்பார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை ஒரு நடை போனால் சுவரெல்லாம் தலைவர் பிறந்தநாள், தளபதி பிறந்தநாள், அண்ணன் பிறந்தநாள். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்த ஊர் இது. ஆனாலும் இது அது இல்லை. ஒரே தெருமுனையில் நாலு கட்சிக் கொடிக்கம்பம் நிற்கிறது. அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி என்று இருக்கிற வீடுகள் நிறைய. டீக்கடையில் உட்கார்ந்து எந்தத் தலைவரையும் கிண்டல் செய்யலாம், மிஞ்சினால் வாய்த்தகராறு வரும். கட்சி பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரமே வேறு துண்டு போட்டுக்கொள்ளலாம். வெளியேறும் கதவு திறந்திருக்கிற இடத்தில் காட்டப்படும் பக்தியும், கதவே இல்லாத இடத்தில் காட்டப்படும் பக்தியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு.

அதற்காக நம் பழக்கம் ஒன்றும் ஆபத்தில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நினைவுபடுத்துகிறேன். மதத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோகும் என்று அவர் எச்சரித்தார். வியாசர்பாடியில் அவர் பெயரில் ஒரு அரசுக் கல்லூரியே இருக்கிறது, தெருவுக்குத் தெரு சிலையும் இருக்கிறது. அந்தப் பேச்சைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்பதில்லை.

சத்தியம் யார் பெயரில்?

1934 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஹின்டன்பர்க் இறந்தார். அன்றைக்கே ஹிட்லர் அவருடைய அதிகாரத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அன்றைக்கே ராணுவ வீரர்கள் அணி அணியாக நிறுத்தப்பட்டு ஒரு புதிய சத்தியம் செய்தார்கள். அதற்கு முன் இருந்த சத்தியத்தில் எந்தத் தனி மனிதரின் பெயரும் இல்லை. புதியதில் அடால்ஃப் ஹிட்லர் என்ற பெயர் நேராக இருந்தது. அவருக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிதல், தேவைப்பட்டால் உயிரையும் கொடுப்பேன் என்ற உறுதி. அதே மாதம் அரசு ஊழியர்களுக்கும் இதுபோன்ற சத்தியம் சட்டமானது.

வெறும் வார்த்தைதானே என்று தோன்றலாம். பத்து ஆண்டு கழித்து, 1944 ஜூலையில், ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்லச் சில ராணுவ அதிகாரிகள் திட்டம் போட்டார்கள். போர் தோற்றுக்கொண்டிருக்கிறது, நாடு அழியப்போகிறது என்று தெரிந்த தளபதிகளில் பலர் இதில் சேர மறுத்ததற்குச் சொன்ன காரணம், "நான் சத்தியம் செய்திருக்கிறேன்." அந்தக் காரணம் உண்மையா, சாக்கா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் மறுப்பதற்கு ஒரு கௌரவமான வார்த்தையை 1934-லேயே அவர்கள் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இத்தாலியில் 1931-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் அரசருக்கும் பாசிச ஆட்சிக்கும் விசுவாசமாக இருப்பதாகக் கையெழுத்து கேட்டார்கள். சுமார் 1,200 பேர் இருந்தார்கள். மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். மறுத்தவர்களுக்கு வேலை போனது. மற்றவர்கள் எல்லாரும் பாசிஸ்டுகளா என்றால் இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, "நான் போனால் என் நாற்காலியில் ஒரு முட்டாளைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள்" என்ற கணக்கு. ஆட்சிக்கும் அவர்கள் மனம் மாறியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கையெழுத்து போட்டவர் மறுநாள் அந்த ஆட்சியை வகுப்பில் எப்படி விமர்சிப்பார்? அவர் கையெழுத்தே அவரைக் கட்டிப்போட்டுவிடும்.

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள்

கொருக்குப்பேட்டையில் ஒரு தெரு. நாற்பது வீடு. ஒருநாள் வட்டத்திலிருந்து ஆள் வந்து, வீட்டுக்கு ஒரு தலைவர் படம் கொடுத்து, வாசலுக்கு நேரே மாட்டச் சொல்லிவிட்டுப் போகிறார். உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர் மாட்டிவிட்டார், பக்கத்து வீட்டு அக்கா பூவும் வைத்துவிட்டார். சரி, நமக்கு எதற்கு வம்பு என்று நீங்களும் மாட்டுகிறீர்கள். எதிர்வீட்டுக்காரர் ஏன் மாட்டினார் தெரியுமா? நீங்கள் மாட்டிவிடுவீர்கள் என்று நினைத்து. நாற்பது வீட்டில் முப்பது வீட்டுக்கு அந்தத் தலைவரைப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் தெருவில் நின்று பார்த்தால் நாற்பது வீட்டிலும் படம். ஒவ்வொருவரும் "நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேன் போல" என்று முடிவு செய்துகொள்கிறார்கள்.

இதில் படத்தின் வேலை என்ன? உங்களை நம்ப வைப்பது அதன் வேலை இல்லை. மற்றவர் மனதில் இருப்பது உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வட கொரியாவில் இன்றும் வீடுகளில் கிம் ஜாங் உன்னின் தாத்தா கிம் இல் சுங், அப்பா கிம் ஜாங் இல் படங்கள் இருக்க வேண்டும், தூசு படியாமல் துடைக்க வேண்டும். பெரியவர்கள் நெஞ்சின் இடப்பக்கம் தலைவர் படம் போட்ட பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கூட்டம் போட்டு, அவரவர் தவறைச் சொல்லி, அடுத்தவர் தவறையும் சுட்டிக்காட்ட வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை 1974-ல் வந்த பத்துக் கோட்பாடுகள். தலைவருக்கு எப்படி விசுவாசமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் இந்த விதிகள் சட்டப்புத்தகத்தைவிடப் பெரிய அதிகாரம் கொண்டவை.

தெருவில் உளவாளி இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, இருக்கலாம் என்ற எண்ணமே போதும். ஹிட்லரின் ரகசிய போலீஸான கெஸ்டாபோ எங்கும் கண் வைத்திருந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவர்களிடம் அவ்வளவு ஆள்பலம் கிடையாது. அவர்களுடைய கோப்புகளைத் தோண்டிய வரலாற்றாசிரியர்கள், பல வழக்குகள் பொதுமக்கள் கொடுத்த தகவலில் தொடங்கியதைக் கண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்தவர், சண்டை போட்டுப் பிரிந்த மனைவி, கணவன். நம்மூர் மொட்டைக்கடிதம் மாதிரிதான். சுவர்த் தகராறுக்கும் அரசியல் சாயம் பூசிவிடலாம்.

பயம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். உண்மையாகவே நேசித்தவர்கள் இருந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தில் நொந்துபோயிருந்த ஜெர்மானியர்களில் பலர் 1930-களில் ஹிட்லரை மனதார நம்பினார்கள். ஸ்டாலின் இறந்தபோது மாஸ்கோவில் உடலைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசலில் சிக்கி மக்கள் செத்தார்கள். அவர்களை யாரும் லாரியில் கூட்டிவரவில்லை. அப்புறம் லாபம் என்ற ஒன்றும் இருக்கிறது. ஸ்டாலின் 1937-38-ல் தன் கட்சியிலும் அரசிலும் நடத்திய களையெடுப்பில் மேலே இருந்தவர்கள் மறைந்தபோது நாற்காலிகள் காலியாயின. பிற்காலத்தில் நாட்டையே ஆண்ட பிரஷ்னேவும், பிரதமரான கோசிகினும் அந்தக் காலத்தில்தான் வேகமாக மேலே வந்தவர்கள்.

உத்தரவுக்குக் காத்திராதவர்கள்

கீழ்ப்படிதல் என்றவுடன் மேலே இருப்பவர் கத்துவதும் கீழே இருப்பவர் நடுங்குவதும்தான் மனதில் வரும். நடந்தது பெரும்பாலும் வேறு. 1934 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிரஷ்ய மாநில வேளாண் அமைச்சகத்தின் உயரதிகாரி வெர்னர் வில்லிகன்ஸ் ஒரு கூட்டத்தில் பேசினார். தலைவர் எல்லாவற்றையும் மேலே இருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருக்க முடியாது, அவர் என்ன விரும்புவார் என்று ஊகித்து, அந்தத் திசையில் வேலை செய்வது ஒவ்வொருவரின் கடமை என்பது அவர் பேச்சின் சாரம். இந்த ஒரு பேச்சை வைத்தே நாஜி ஆட்சி எப்படி ஓடியது என்பதை வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். தலைவர் சூசகமாக ஏதோ சொல்வார். கீழே இருக்கும் பத்துப் பேர் அதற்குப் பத்துத் திட்டம் கொண்டுவருவார்கள். எது கடுமையானதோ அதற்குத்தான் பாராட்டு. அதனால் அடுத்த முறை எல்லாரும் இன்னும் கடுமையாகக் கொண்டுவருவார்கள்.

சோவியத் ஒன்றியத்தில் இது எண்ணிக்கையாகவே நடந்தது. 1937 ஜூலையில் ரகசிய போலீஸ் வெளியிட்ட 00447 என்ற உத்தரவில், எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒதுக்கீடு இருந்தது. நாடு முழுவதற்கும் சுடப்பட வேண்டியவர்கள் முதலில் சுமார் 76,000. மாகாண அதிகாரிகள் ஒதுக்கீடு போதவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்று மாஸ்கோவுக்கு எழுதினார்கள். முடிவில் அந்த உத்தரவின் கீழ் கொல்லப்பட்டவர்கள் பல மடங்கு. ரேஷன் கடைக்குச் சரக்கு கேட்பதுபோல மனித உயிருக்கு ஒதுக்கீடு கேட்டவர்கள் எல்லாரும் கொடூரப் பிறவிகளா? குறைவாகப் பிடித்தால் "இவனும் எதிரியோ" என்ற சந்தேகம் தன்மேல் வருமே என்று பயந்த குமாஸ்தாக்கள்தான் நிறைய.

நம்மூர்க்காரர்களை யோசிக்க வைக்கும் இன்னொரு சம்பவம். ஹாம்பர்க் ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். அங்கே 101-ஆவது ரிசர்வ் போலீஸ் படை என்று ஒன்று. அதில் இருந்தவர்களில் பலர் துறைமுகத் தொழிலாளிகள், லாரி டிரைவர்கள், கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள், கட்டட வேலைக்காரர்கள். ராணுவத்துக்கு வயதாகிவிட்ட நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். காசிமேட்டிலும் துறைமுகம் கேட் பக்கத்திலும் நீங்கள் தினம் பார்க்கிற மாதிரியான ஆட்கள். 1942 ஜூலை 13 அன்று போலந்தில் யூசெஃபூவ் என்ற ஊரில் இவர்களை நிறுத்தி, அங்கிருந்த யூதர்களைச் சுட வேண்டும் என்று சொன்னார் மேஜர் டிராப். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அவருக்கே குரல் தழுதழுத்தது. முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று வாய்ப்பும் கொடுத்தார். கிட்டத்தட்ட 500 பேரில் உடனே முன்வந்து விலகியவர்கள் சுமார் 12 பேர். அவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அன்று கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்.

"மறுத்தால் சுட்டுவிடுவார்கள், அதனால் செய்தேன்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. பின் ஏன்? பல ஆண்டு கழித்து விசாரணையில் அவர்கள் சொன்னவற்றில் திரும்பத் திரும்ப வந்தது, கூட இருப்பவர்கள் முன்னால் கோழையாகத் தெரிய விரும்பவில்லை என்பது. தாங்கள் விலகினால் அந்த வேலை கூட்டாளிகள் தலையில் விழும் என்றும் நினைத்தார்கள். தலைவர் பக்தியைவிட, பக்கத்தில் நிற்பவனிடம் காட்டிய விசுவாசம்தான் அங்கே வேலை செய்தது. என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பிலேயே மிகவும் பயமுறுத்துகிற விஷயம் இதுதான். ஹிட்லரைக் கழித்துவிட்டாலும் இந்தக் குணம் மிச்சம் இருக்கும்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்ட வேண்டும். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு, ஆனால் பொத்தானை அமுக்குபவருக்கு அது தெரியாது. கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று "தொடருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை, 450 வோல்ட் வரை, போனார்கள். இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். மில்கிராம் சோதனையை மாற்றி மாற்றி நடத்தினார். உத்தரவு போடுபவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் சொன்னால் கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்தார்கள். கூட உட்கார்ந்திருந்த இருவர் "எங்களால் முடியாது" என்று எழுந்துவிட்டபோது 40-ல் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். முற்றதிகார ஆட்சிகள் சங்கம், மன்றம், தனிக் கட்சி என எதையும் ஏன் விட்டுவைப்பதில்லை என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. மறுக்கிற இரண்டு பேர் கண்ணுக்குப் படக்கூடாது, அவ்வளவுதான்.

எவ்வளவு காட்டினாலும் போதாது

எல்லாரும் படம் மாட்டிவிட்டால் தலைவருக்கு நிம்மதி வந்துவிடுமா? வராது. எல்லாரும் கைதட்டும்போது யார் மனதாரத் தட்டுகிறார், யார் பயந்து தட்டுகிறார் என்று தலைவருக்குத் தெரிய வழியில்லை. தான் கட்டாயப்படுத்தி வாங்கிய விசுவாசத்தை அவராலேயே நம்ப முடியாது. அதனால் இன்னும் கேட்பார். கேட்கக் கேட்கக் காட்டுவார்கள், காட்டக் காட்டச் சந்தேகம் வளரும்.

1934-ல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 17-ஆவது மாநாடு நடந்தது. வெற்றியாளர்களின் மாநாடு என்று அதற்குப் பெயர். ஸ்டாலினைப் புகழாத பேச்சு அதில் இல்லை. வந்திருந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் பிறகு கைதானார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவின் உறுப்பினர்களும் மாற்று உறுப்பினர்களுமாக 139 பேரில் 98 பேர் சுடப்பட்டார்கள். இந்தக் கணக்கை 1956-ல் சொன்னவர் வெளியாள் இல்லை, ஸ்டாலினுக்குப் பின் வந்த குருசேவ். ரகசிய போலீஸின் தலைவர்களாவது தப்பித்தார்களா? யகோடா 1938-ல் சுடப்பட்டார். அவரை விசாரித்த யெஷோவ் 1940-ல் சுடப்பட்டார். பிறகு ஸ்டாலினோடு அவர் நின்ற புகைப்படத்திலிருந்து அவர் உருவத்தையே அழித்துவிட்டு, அந்த இடத்தில் கால்வாய்த் தண்ணீரை நிரப்பினார்கள்.

மோலோடோவ் கதை இன்னும் விசித்திரம். ஸ்டாலினின் வலக்கை, வெளியுறவு அமைச்சர். அவர் மனைவி போலினாவைக் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானம் வந்தபோது அவர் எதிர்த்துக்கூட வாக்களிக்கவில்லை, நடுநிலை வகித்தார். பிறகு அதுவும் தவறு என்று ஸ்டாலினுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 1949-ல் மனைவி கைதாகி, நாட்டுக்குள்ளேயே தொலைதூரப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஸ்டாலின் செத்த பிறகுதான் திரும்பி வந்தார். அதன்பின் கணவனும் மனைவியும் ஸ்டாலினைக் குறை சொன்னார்களா? சாகும்வரை இருவரும் அவர் விசுவாசிகளாகவே இருந்தார்கள். இது பயம் என்றால் பயப்பட வேண்டிய ஆள் செத்துவிட்டாரே. வாழ்நாள் முழுவதையும் ஒன்றில் போட்டவர்களுக்கு, அது தப்பு என்று ஒத்துக்கொள்வதைவிட மனைவி சிறைக்குப் போனதைப் பொறுத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கிறது.

வட சென்னை துறைமுகமும் மில்லும் தொழிற்சங்கமுமாக இருந்த பகுதி. லெனின், ஸ்டாலின் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களை இங்கே இன்றும் பார்க்கலாம். பெயர் வைத்த அப்பாக்கள் பாட்டாளி ஆட்சி என்ற கனவுக்கு வைத்தார்கள், 00447-க்கு இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாஸ்கோவிலிருந்து வந்தது நல்ல செய்தி மட்டும்தான்.

சீனாவில் மாம்பழம் நடந்தது. ஆமாம், மாம்பழம்தான். 1968 ஆகஸ்டில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் மாவோவுக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்தார். மாவோ அதைத் தான் சாப்பிடாமல், சிங்குவா பல்கலைக்கழகத்தில் மாணவர் கும்பல்களின் அடிதடியை அடக்கப் போயிருந்த தொழிலாளர்களுக்கு அனுப்பிவிட்டார். பெய்ஜிங்கில் மாம்பழத்தைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. தொழிற்சாலைக்கு ஒன்று என்று பிரித்து அனுப்பினார்கள். ஒரு ஆலையில் அதை மேடையில் வைத்து வணங்கினார்கள். அழுக ஆரம்பித்ததும் தோலுரித்து அண்டா நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி தீர்த்தம்போலக் குடித்தார்கள். மெழுகில் மாம்பழம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அக்டோபர் ஊர்வலத்தில் மாம்பழ அலங்கார வண்டி போனது. சிச்சுவான் மாகாணத்தில் ஒரு பல் மருத்துவர், ஊருக்கு ஊர்வலமாக வந்த மாம்பழத்தைப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கிறது என்றாராம். அவரைப் பிடித்துப் போய்ச் சுட்டுவிட்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. மாம்பழத்தை வணங்கச் சொல்லி மாவோ உத்தரவு போடவில்லை என்பதைக் கவனியுங்கள். வில்லிகன்ஸ் சொன்ன ஊகம் இங்கேயும் வேலை செய்கிறது.

தலைவருக்கே வினையானது

இவ்வளவு விசுவாசம் இருக்கும் நாட்டில் தலைவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. யாரும் அவரிடம் உண்மை பேச மாட்டார்கள்.

1958-ல் மாவோ பெரும் பாய்ச்சல் என்ற திட்டத்தைத் தொடங்கினார். விளைச்சலைப் பல மடங்கு காட்ட வேண்டும் என்று போட்டி. ஒரு ஊர் இரண்டு மடங்கு என்றால் அடுத்த ஊர் ஐந்து மடங்கு என்றது. பல வயல் நாற்றைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு, கதிரின் மேல் குழந்தைகள் ஏறி நிற்பதாகப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். பொய்க் கணக்கை வைத்தே அரசு நெல்லை வசூலித்துக்கொண்டு போனது. விவசாயிக்கு மிச்சம் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுப் பஞ்சத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை மதிப்பிடுகிறார்கள். 1959 ஜூலையில் லூஷான் என்ற ஊரில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய், நிலைமை சரியில்லை என்று மாவோவுக்குத் தனிப்பட்ட கடிதம் ஒன்று எழுதினார். மரியாதையாக எழுதிய கடிதம்தான். மாவோ அதை அச்சடித்துக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தார். பெங் பதவி இழந்தார், பிற்பாடு காவலிலேயே 1974-ல் இறந்தார். அவருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு எந்த மாவட்ட அதிகாரி பஞ்சம் என்று ரிப்போர்ட் எழுதுவான்? பஞ்சம் இன்னும் மோசமானது.

ஸ்டாலினுக்கு இது நேராகவே திரும்பியது. 1953 மார்ச் 1 அன்று பகல் முழுவதும் அவர் அறையிலிருந்து சத்தமே இல்லை. கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்பது உத்தரவு. காவலர்கள் வெளியே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு தபால் கட்டைச் சாக்காக வைத்து ஒருவர் உள்ளே போனபோது, பக்கவாதம் தாக்கித் தரையில் கிடந்தார். டாக்டர்கள் வந்தது மறுநாள் காலையில். நாட்டின் தேர்ந்த மருத்துவர்கள் சிலர் அப்போது சிறையில் இருந்தார்கள், தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக அந்த ஜனவரியில்தான் அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. மார்ச் 5-ல் ஸ்டாலின் இறந்தார். சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். கதவைத் தட்டுகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை.

அந்தக் கொருக்குப்பேட்டைத் தெருவில் ஒருநாள் நாலு வீட்டில் படம் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா பதில். 1989 டிசம்பர் 21 அன்று, 24 ஆண்டுகளாக ஆட்சியில் இருந்த சௌஷெஸ்கு, தனக்கு ஆதரவு காட்ட புக்கரெஸ்ட்டில் கூட்டம் கூட்டினார். தொழிற்சாலைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கூட்டம், கையில் பதாகை, நேரடி ஒளிபரப்பு. பேச்சு நடுவில் கூட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. மாடத்தில் நின்றவர் கையை உயர்த்தி, போனில் லைன் கட்டானவர் மாதிரி "அலோ, அலோ" என்றார். ஒளிபரப்பை நிறுத்திப் பார்த்தார்கள், நாடே பார்த்துவிட்டது. மறுநாள் ஹெலிகாப்டரில் தப்பினார். டிசம்பர் 25 அன்று அவரும் மனைவியும் சுடப்பட்டார்கள். அந்த மக்கள் ஒரே நாளில் மனம் மாறவில்லை. பக்கத்தில் நிற்பவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

எப்போதும் இப்படி முடிவதில்லை. ஹிட்லரின் ஜெர்மனி போரில் தோற்றுத்தான் முடிந்தது. மாவோ 1976-ல் படுக்கையில் இறந்தார். கிம் குடும்பம் மூன்றாம் தலைமுறையாக ஆள்கிறது.

சத்தியத்தில் தொடங்கியதால் அதில் ஒரு பின்குறிப்பு. மேற்கு ஜெர்மனி புதிய ராணுவத்தை உருவாக்கியபோது 1956-ல் கொண்டுவந்த சட்டத்தில், மனித மாண்புக்கு எதிரான உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது குற்றமாகாது என்று எழுதினார்கள். உத்தரவை நிறைவேற்றுவதே குற்றம் ஆகும் என்றால் அதற்குக் கீழ்ப்படியவே கூடாது. அந்த வீரர்கள் எடுக்கும் உறுதிமொழியில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை. இந்திய ராணுவ வீரரும் அரசியலமைப்பின் பெயரில்தான் உறுதி எடுக்கிறார். புனித ஜார்ஜ் கோட்டையில் பதவியேற்கும் நம் எம்.எல்.ஏ.வும் அப்படியே. கையெழுத்துப் போடும் முன் சிலர் தலைவர் பெயரைச் சொல்லி ஒரு "வாழ்க" சேர்த்துக்கொள்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரி உறுதிமொழியில் கிடையாது, அவர்களாகப் போட்டுக்கொள்வது.